வலது பக்கத்து ஸ்பீக்கர்

பழைய டேப் டெக்கைப் புது ஹோம் தியேட்டரில் மாட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டெக்கின் பின்பக்கம் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. ஹோம் தியேட்டர் பெட்டிக்குப் பின்னாலும் அதே மாதிரி ஒரு ஜோடி இருக்கும். வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பு. வெள்ளையில் இடது பக்கத்துச் சத்தம் வரும், சிவப்பில் வலது பக்கம். பழைய விசிஆர் என்றால் கூடவே ஒரு மஞ்சள் வயர், அது படத்துக்கு. ரெக்கார்ட் பிளேயருக்கு மட்டும் நடுவில் சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் எழும்பாது. இவ்வளவுதான் விஷயம், யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

என் வீட்டில் நான் சிவப்பை மாட்டாமல் விட்டேன். அது மறதி இல்லை. அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் ஆதிமூலம். திருவண்ணாமலை டவுனில் டிவி, டேப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே. மனைவி ரேணுகாம்பாள். பெரியவன் இளஞ்செழியன், அவனுக்குப் பிறகு ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தவள் எழிலரசி. நான் குடிக்கிறவன் இல்லை. மனைவியைக் கை நீட்டி அடித்ததில்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆதிமூலம் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள்.

அந்த டெக் ஒரு ஜெர்மன்காரருடையது. ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஊருக்குத் திரும்பும்போது தூக்கிக்கொண்டு போக முடியாமல் என் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மைக் சொருகலாம், ஒன்று இடது பக்கம் பதியும், ஒன்று வலது பக்கம். செழியனுக்கு அதைப் பார்த்ததிலிருந்து சோறு தண்ணி இறங்கவில்லை. அவனுக்கு ரேடியோவில் அறிவிப்பாளர் ஆக வேண்டும் என்று ஆசை. குளிக்கும்போது கூட, "நேயர்களே, இப்போது சோப்பு போடப்படுகிறது" என்று பேசிக்கொண்டு குளிப்பான். அவன் அம்மா வெளியே நின்று சிரிப்பாள். அப்போது அவனுக்குப் பதினேழு வயது.

நான் சொல்வது 1991. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் சினிமாப் பாட்டுப் போடுவார்கள். தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள். டிவி மெக்கானிக் வீடு அல்லவா, படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று ஒரு பேர். அந்தப் பேரை நான் காப்பாற்றித்தான் வைத்திருந்தேன். பாட்டை டேப்பில் பிடிக்க வேண்டும் என்றால் டிவிக்கு முன்னால் டேப்பை வைத்துப் பதிவார்கள், யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது. செழியன் அதை இன்னும் சிறப்பாகச் செய்ய நினைத்தான். ஒரு மைக்கை டிவிக்கு எதிரே ஸ்டூலில் வைத்தான், அது வலது பக்கம், பாட்டுக்கு. இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டான், அது இடது பக்கம், அவனுடைய அறிவிப்புக்கு. வீடு முழுக்க நடந்துகொண்டே பேச வேண்டும் என்றதால் அந்த மைக்குக்கு நான்தான் நீளமான வயர் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் படம் சரியாக விழாது, மலை குறுக்கே நிற்கிறது. இரண்டு குழாயை ஒன்றின் மேல் ஒன்று சொருகி ஆண்டெனாவை உயரமாக நிறுத்தியிருந்தேன். காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும், படம் புள்ளி புள்ளியாகிவிடும். அப்போது ஒரு ஆள் மாடிக்குப் போய்க் கம்பத்தைத் திருப்ப வேண்டும், ஒரு ஆள் டிவி முன்னால் இருந்து பதில் சொல்ல வேண்டும். மேலே இருப்பவன் "தெரியுதா?" என்பான். கீழே இருப்பவன் "இன்னும் கொஞ்சம்" என்பான். அந்த வருஷங்களில் டிவி வைத்திருந்த எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை ரேணுகாம்பாள் எழிலைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். செழியன் மைக்கைச் சோதித்துக்கொண்டு இருந்ததால் அவள் பேசியதும் டேப்பில் விழுந்துவிட்டது. "டேய் செழியா, நான் வர்றதுக்குள்ள அந்த ஆண்டெனாவ சரி பண்ணி வைடா. வெறும் புள்ளியா தெரியுது, ஜனங்க வந்துடுவாங்க." அவன் "சரிம்மா" என்கிறான். பிறகு மைக்கோடு படியேறுகிறான். "நேயர்களே, இப்போது நாம் மொட்டை மாடிக்கு வந்திருக்கிறோம். மலை தெரிகிறது. கோயில் விளக்கு தெரிகிறது. கீழே எங்கள் வீட்டில் படம் மட்டும்தான் தெரியவில்லை." அப்புறம் கம்பம் உரசும் சத்தம். அப்புறம் "தெரியுதா?" கொஞ்சம் இடைவெளி. "தெரியுதா?" மறுபடி இடைவெளி. மூன்றாவதாக ஒரு "தெரியுதா?" அதற்குப் பிறகு சில நொடியில் பதிவு நின்றுவிடும், ஏனென்றால் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஆண்டெனாக் கம்பம் ரோட்டோரமாகப் போகிற லைனில் பட்டுவிட்டது.

சந்திரம்மாள் என்று எங்கள் எதிர் வீட்டு அம்மாள். இருட்டில் விளக்கை எடுத்துக்கொண்டு முதலில் ஓடி வந்தது அவள்தான். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருந்தேன். மேலே பார்த்ததை நான் சொல்ல மாட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள். சந்திரம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏம்ப்பா ஆதிமூலம், கடையிலேர்ந்து இப்பதான் ஓடி வந்தியா? கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாப்பா" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வாயைத் திறக்கவே இல்லை. போலீஸ்காரர் வந்தபோதும் சந்திரம்மாளே சொல்லிவிட்டாள், அப்பன்காரன் கடையில் இருந்தான், இப்போதுதான் வந்தான் என்று. உண்மையில் அன்றைக்குக் கடைத்தெருவில் சாயங்காலமே கரண்ட் இல்லை. கடையைச் சாத்திவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். சைக்கிளைப் பின்பக்கம் நிறுத்திப் பின்கதவு வழியாக வந்தேன். செழியன் அப்போதுதான் மாடிக்குப் போயிருந்தான். பின்கதவுச் சத்தம் அவனுக்குக் கேட்டதோ என்னவோ, மேலேயிருந்து "தெரியுதா?" என்று கேட்டது. டிவிக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொன்னேன். யார் பதில் சொல்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை, அப்பன் குரல் தெரியாதா. படம் தெரியாததால் தெரியவில்லை என்றேன். தெரியாததைத் தெரிகிறது என்று யாராவது சொல்வார்களா?

ரேணுகாம்பாள் கோயிலிலிருந்து வந்தவள் தெருமுனையிலேயே விழுந்துவிட்டாள். நினைவு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான்தான் சொல்லிட்டுப் போனேன்." திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். "சரி பண்ணுடானு நான்தான் சொன்னேன். நான்தாங்க அனுப்பினேன் எம் புள்ளய." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துக்கத்தில் இருப்பவளிடம் போய், அது அப்படி இல்லை, இப்படி என்று பேசிக்கொண்டிருக்க முடியுமா? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு என்பது வரவே இல்லை.

கருமாதி முடிந்த பிறகு எழில்தான் டேப்பைப் பற்றிச் சொன்னாள். அண்ணன் அன்றைக்குப் பதிந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நான் தனியாகக் கடையில் ஹெட்ஃபோன் வைத்துக் கேட்டேன். இடது காதில் செழியன். வலது காதில் நான். அவன் ஒவ்வொரு தடவை கேட்டு நிறுத்தும்போதும் நான் பேசுகிறேன், தெளிவாக, டிவிக்கு முன்னால் வைத்த மைக் அல்லவா.

கேசட்டை அப்போதே அழித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. ஒரு தாய்க்கு அவள் பிள்ளையின் குரல் இருக்கட்டுமே என்று நினைத்தேன். டெக்கைத் திறந்து, வலது பக்கத்துக்குப் போகும் வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி உள்ளேயே வைத்து மூடினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, "அன்னிக்கு லைன் அடிச்சதுல ஒரு பக்கம் போயிடுச்சு. இந்த மாடலுக்கு இங்க ஸ்பேர் கிடைக்காது" என்றேன். வேறு செட்டில் போட்டால் நாடா சிக்கிக்கொள்ளும் என்றும் சொல்லிவைத்தேன். டிவி மெக்கானிக் சொன்னால் வேறு யார் என்ன சொல்லப் போகிறார்கள். எழில் கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு சின்னக் காதுகளையும் பேனாவால் நெம்பி உடைத்தாள். அந்தக் காது இல்லாவிட்டால் பதிவுப் பட்டன் இறங்காது, தவறிப் போய்க்கூட மேலே எதுவும் பதிய முடியாது. "புடிச்ச கேசட்டுனா காத ஒடச்சிடணும்னு அண்ணன் சொல்லிக் குடுத்துச்சு" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அன்றிலிருந்து ரேணுகாம்பாள் டிவி பார்க்கவில்லை. சாயங்காலம் விளக்கேற்றுவாள், டெக்குக்கு முன்னால் தரையில் உட்காருவாள், கேசட்டைப் போடுவாள். முதலில் அவள் குரலே வரும், ஆண்டெனாவைச் சரி பண்ணு என்று. அதைத் தலை குனிந்து கேட்பாள். தாண்டிப் போக மாட்டாள். பிறகு செழியன் நேயர்களிடம் பேசும்போது முகம் கொஞ்சம் மலரும். பிறகு அவன் கேட்பான், "தெரியுதா?" இவள் டெக்கைப் பார்த்துச் சொல்வாள், "தெரியுதுடா கண்ணு, எறங்கி வா." மறுபடி கேட்பான். "தெரியுதுடா, போதும், எறங்கி வந்துடுடா." மூன்றாவது தடவைக்கு அவளால் வாயைத் திறந்து சொல்ல முடியாது, தலையை மட்டும் ஆட்டுவாள்.

பதின்மூன்று வருஷம் இது நடந்தது. ஒரு நாள் கூட நான் தடுக்கவில்லை. டெக்கை நான்தான் பராமரித்தேன். ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பேன், பெல்ட் தளர்ந்தால் மாற்றுவேன். அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "இன்னாங்க, அவன் கேட்டு முடிச்சதும் கீழ யாரோ பேசுற மாதிரி லேசா கேக்குதுங்க." அவன் கையிலிருந்த மைக்கில் என் குரலும் கொஞ்சம் விழுந்திருந்தது. சொல் புரியாது, முனகல் மாதிரி இருக்கும். "டிவி சத்தம்" என்றேன். "அப்படியா" என்பாள். "நாங்க இன்னும் கெளம்பலனு நெனச்சு எங்களத்தான் கேட்டுனு இருந்திருக்கான். புள்ள கேட்டுக்கிட்டே இருந்திருக்கான், பதில் சொல்ல ஒரு ஆள் இல்ல பாருங்க" என்பாள். அவள் மனசை அறுத்தது அதுதான்.

இப்போது 2004 தீபாவளிக்கு வருகிறேன். எழிலுக்குக் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். மாப்பிள்ளை பாலாஜி நல்ல பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டு பேரும் காரில் ஒரு ஹோம் தியேட்டரை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். படம் பார்க்க இல்லை, அம்மாவுக்காக. அண்ணன் குரலை அம்மா அந்தப் பழைய ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறாளே, நல்ல சத்தத்தில் கேட்கட்டும் என்று. நான்தான் வயர் மாட்டினேன். வெள்ளையை மாட்டினேன், சிவப்பைத் தொங்கவிட்டேன். டெக்கிற்குள்ளே வெட்டித்தான் இருந்தது, சிவப்பை மாட்டினாலும் ஒன்றும் வந்திருக்காது. ஆனாலும் கை போகவில்லை.

கேசட்டைப் போட்டதும் செழியன் கூடத்துக்குள் வந்து நின்றுவிட்டான். அவன் மூச்சு வாங்குவது கேட்டது, படியில் செருப்பு தேய்வது கேட்டது. எழில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதை நம்புங்கள். பாலாஜி பின்னால் எட்டிப் பார்த்தான்.

"மாமா, செவப்பு கழண்டு கெடக்குதே. மாட்டிடவா?"

"மாட்டுங்க மாப்ள. வராது. டெக்லயே ஒரு பக்கம் போயிடுச்சு."

மாட்டினான். வரவில்லை. அவன் யோசித்துவிட்டு, "கேசட்டுல அந்தப் பக்கமும் இருக்குமே மாமா, டெக்குதானே கெட்டுப்போச்சு. பெங்களூர்ல கேசட்ட சிடியா மாத்திக் குடுக்கறாங்க. நல்ல மெசின், ரெண்டு பக்கமும் வரும். கார்த்திகை தீபத்துக்கு வரும்போது எடுத்துட்டுப் போறேன்" என்றான். இப்போதே எடுத்துப் போ என்று எழில் சொன்னாள். அதுவரை சாயங்காலத்துக்கு என்ன செய்வேன் என்று ரேணுகாம்பாள் கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் வந்தா, கீழ பேசறது யாருனு தெரிஞ்சிடுமா மாப்ள?"

"டிவி பக்கத்து மைக்குல பதிஞ்சிருந்தா கண்டிப்பா தெரியும் அத்தை."

"யாராவது பதில் சொல்லியிருந்தா போதும்ப்பா. தெருப் புள்ளைங்க யாராவது முன்னாடியே வந்து உக்காந்திருக்கும். எம் புள்ள கேட்டது வீணா போகலனு ஆயிடும். அவன் தனியா இல்லனு ஆயிடும்."

அவ்வளவு வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரி எல்லோருக்கும் அவளே தோசை ஊற்றினாள். எனக்கு ஒன்று கூடுதலாகப் போட்டாள்.

என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அவள் கேட்கப் போவது ஒரு தெருப் பிள்ளையின் குரலை இல்லை, என் குரலை. பதின்மூன்று வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, அவள் தன்னையே திட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவனின் குரலை. அதைக் கேட்டால் அவள் தாங்குவாளா? என்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவள் நெஞ்சு பலவீனமானது. அவளுக்காகத்தான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தீபத்துக்குக் கொடியேற்றம் ஆன அன்று, அவள் பக்கத்து வீட்டு ராணியம்மாளோடு பெரிய கோயிலுக்குப் போயிருந்தாள். மத்தியானம் நான் கடையிலிருந்து வந்தேன். கேசட்டின் உடைந்த காதுகளின் மேல் செல்லோ டேப்பைக் கிள்ளி ஒட்டினேன். அப்படி ஒட்டினால் பதிவுப் பட்டன் மறுபடி இறங்கும், அந்தக் காலத்தில் கேசட் வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்த வழிதான். மைக் எதுவும் சொருகாமல் சிவப்புப் பொட்டு வைத்த பட்டனை அழுத்தினேன். அழிப்பது என்று சொல்கிறோம், ஒன்றும் இல்லாததைப் பதிவதுதான் அது. மீட்டரில் முள் ஆடவில்லை. சத்தமும் இல்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ரேணுகாம்பாள் பேசும் இடம் போனது. சோப்புப் போடுகிறவன் குரலில் நேயர்களைக் கூப்பிடும் இடம் போனது. மூன்று தெரியுதாவும் போயின. எந்த நிமிஷத்தில் எது போகிறது என்று எனக்கு மனப்பாடம்.

ஒரு பக்கத்தை மட்டும் அழிக்க அந்த டெக்கில் வழி கிடையாது, அழித்தால் இரண்டும் போகும். ஆனால் முன்னதாக வெள்ளை வயரை மட்டும் மாட்டி, செழியன் குரலை வேறு கேசட்டில் பதிந்து வைத்திருக்கலாம். கடையில் இரண்டு டெக் சும்மா கிடந்தன. காபி குடிக்கிற நேரத்து வேலை. எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒரிஜினல் எங்கே என்று மாப்பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. தினமும் சாயங்காலம் அவன் கேட்பது அவளை மட்டும் இல்லை. அவள் ஏதோ ஒரு பதில் சொல்லிவிடுவாள். நான் உள்ளறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பேன், எனக்கு நான் முன்பே சொன்ன பதில்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து கேசட்டைப் போட்டாள். ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்று மட்டும் வந்தது.

"சத்தம் கம்மியா இருக்குதுங்க" என்றாள். கூட்டி வைத்தாள். இரைச்சல் ஜாஸ்தியானது. கேசட்டை எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் போட்டாள், மறுபடி திருப்பினாள். நான் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தேன்.

"நேத்து எந்தப் பட்டன அமுக்கின?"

"எப்பவும் அமுக்கறதுதாங்க."

"செவப்புப் பொட்டு இருக்கறதத் தொட்டியா? நல்லா யோசிச்சு சொல்லு."

யோசித்தாள். பதின்மூன்று வருஷமாக ஒரே பட்டனை அழுத்துகிறவள், ஒரு தடவை கூடத் தவறாதவள், யோசித்தாள். அவள் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "தொட்டிருப்பனாங்க?" என்று என்னைக் கேட்டாள். தன் மடியிலேயே தலையை வைப்பது போல் அப்படியே முன்னால் மடங்கி உட்கார்ந்தாள். அழுகை கூட வரவில்லை. பழி சுமந்து பழகியவள். மறுபேச்சே இல்லாமல் இதையும் எடுத்துக்கொண்டாள்.

தீபத்துக்கு வந்த பாலாஜி கேசட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு வெளியே போய் நின்றான். எழில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "பரவால்லம்மா, தெரியாமதானே நடந்துச்சு" என்றாள். தீபம் ஏற்றியபோது தெருவே மலையைப் பார்த்துக் கும்பிட்டது. ரேணுகாம்பாள் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகும் அவள் சாயங்காலம் அந்தக் கேசட்டைப் போட்டாள். அந்த இரைச்சலுக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் கேட்கிற இடம் வரும்போது சரியாகச் சொல்வாள், "தெரியுதுடா கண்ணு, எறங்கி வா." அவளுக்கும் மனப்பாடம். கொஞ்ச நாளில் சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. தை போனது, மாசி போனது. பங்குனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் உடம்பில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்.

கடைசியில் ஒரு நாள் காலையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மன்னிச்சிடுங்க. புள்ளயையும் நான்தான் சாகடிச்சேன். அவன் குரலையும் நான்தான் அழிச்சேன். நீங்க ஒரு வார்த்த என்னத் திட்டினதில்ல."

வார்டில் அப்போது கூட்டம் இல்லை. சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ. "போனது போச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல. உன்ன மன்னிச்சுட்டேன்" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அவள் போய்ச் சேர்ந்தது அன்று சாயங்காலம். அந்த நிம்மதியை நான் அவளுக்குக் கொடுத்தேன் என்பதை மறுக்க முடியாது.

காரியம் முடிந்து எழில் அம்மாவின் பொருட்களை ஒழுங்குபடுத்தினாள். கேசட்டைக் கையில் எடுத்தவள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள், "அப்பா, இந்தக் காத நான் ஒடச்சேனே. இது மேல செல்லோ டேப்பு ஒட்டியிருக்குது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

வேலை முடிந்ததும் ஒட்டியதை எடுத்திருக்க வேண்டும். இத்தனை வருஷ அனுபவத்தில் நான் அப்படி விட்டதே இல்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் அண்ணனுக்கும் அதே கண். அன்றைக்குப் பெங்களூர் போனவள் பிறகு போன் செய்யவில்லை. உங்களை அனுப்பியிருக்கிறாள், நல்லதுதான். அவளிடம் சொல்லிவிடுங்கள். அம்மா அண்ணனை அனுப்பவில்லை. அம்மா எந்தப் பட்டனையும் தவறாக அழுத்தவில்லை. இரண்டும் நான்.

அந்தக் கேசட்டில் இருந்தது இனி எந்த மெசினிலும் வராது. வலது பக்கத்தைக் கேட்டவன் நான் ஒருவன்தான், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் தெரியுதா என்று முதலில் கேட்டதும் நான், "இன்னும் கொஞ்சம் திருப்பு" என்கிறேன். இரண்டாவது தடவைக்கு, "கம்பத்தத் தூக்கி ரோட்டுப் பக்கமா சாய்டா" என்கிறேன். ரோட்டுப் பக்கம் லைன் போவது எனக்குத் தெரியும். கம்பத்தை அந்தப் பக்கம் சாயாமல் நட்டவனே நான்தான். மூன்றாவது தடவைக்கு, "இன்னும் கொஞ்சம்டா, அவ்ளோதான்" என்கிறேன்.

படம் தெரியவில்லை, அதனால் சொன்னேன் என்று முன்னே சொன்னேன் இல்லையா. ஓரத்தில் லேசாக ஒரு நிழல் விழுந்தது. ஜனங்கள் வந்து உட்காரும் நேரம், ஆதிமூலம் வீட்டில் நிழலடிக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பார்த்தேன்.

மற்றபடி அவன் முதல் தடவை கேட்டபோதே படம் நன்றாகத் தெரிந்தது.